கோமணம் முதல் ஜாமர் வரை: நம் கிணற்றுக்கும் காவிரிக்கும் குளோரின் குளத்துக்கும் எது தாக்குப்பிடிக்கும்?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆண்கள் நீந்தும் தண்ணீர் மூன்று வகை. பாறையை உடைத்து இறக்கிய விவசாயக் கிணறு, ஒகேனக்கல் காவிரி, சமீப ஆண்டுகளில் நகரங்களுக்கு வந்துவிட்ட குளோரின் நீச்சல் குளம். கிணற்றில் துணி கல்லில் உரசிக் கிழியும். ஆற்றில் இழுவை அதிகம். குளத்தில் துணியின் உயிர்நாடியான எலாஸ்டிக் இழையையே மருந்து தின்றுவிடும். ஆனால் கடையில் கேட்டால் மூன்றுக்கும் ஒரே பதில்தான்: "ஸ்விம்மிங் டிரஸ்தானே, இதை எடுத்துக்கோங்கண்ணா." அப்படி எடுத்துவந்த துணி மூன்றே மாதத்தில் தொளதொளத்துப் போனால், பெரும்பாலும் துணி மோசமில்லை, தண்ணீருக்குப் பொருந்தாத துணி.

இங்கே ஆறு உடைகளை எடுத்துக்கொள்கிறோம். ஆறும் இன்று காசு கொடுத்து வாங்கக்கூடியவை. ஆறும் ஏதோ ஒரு காலத்தின் ஃபேஷனாக இருந்தவை. எந்தச் சிக்கலைத் தீர்க்க ஒவ்வொன்றும் பிறந்தது என்று தெரிந்தால், எங்கே பயன்படும், எங்கே கைவிடும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் நூல் கணக்கு. காய்ந்த நிலையிலேயே ஒவ்வொரு நூலும் காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிவைத்திருக்கும். ஜவுளித் துறையின் பொதுவான அளவுப்படி கம்பளி நூல் 16 சதவீதம், பருத்தி 8.5, நைலான் 4, பாலியஸ்டர் வெறும் 0.4 சதவீதம். தண்ணீரில் முங்கும்போது நூல்களின் இடைவெளியில் தேங்கும் நீர் இதற்கு மேல் தனி. ஆண்களின் நீச்சலுடை நூறாண்டாக மாறிவந்த வரிசையும் ஏறக்குறைய இதுவேதான்: கம்பளி, பருத்தி, நைலான், பாலியஸ்டர். ஃபேஷன் என்று நாம் பார்த்ததில் பாதி, துணியிலிருந்து தண்ணீரை விரட்டும் வேலை.

கோமணம்

பட்டியலில் மிகப் பழையதும், நீர் இழுவை மிகக் குறைந்ததும் இதுதான். அரையில் கட்டிய கயிறு, அரையடி முதல் முக்கால் அடி அகலத்தில் ஒரு துணி, நீளம் சுமார் இரண்டு முழம். தையல் இல்லை, பொத்தான் இல்லை. நம் கிணறுகளில் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பு நீச்சல் கற்ற பெரியவர்கள் பெரும்பாலும் இதைக் கட்டித்தான் இறங்கினார்கள்.

கட்டும்போது நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, முன்பக்கம் துணியை நீளமாகத் தொங்கவிடுவது. வயல் வேலைக்கு அது சரி. தண்ணீரில் அந்தத் தொங்கல் காலுக்கு நடுவே அடித்துக்கொண்டே இருக்கும். நீந்துவதற்கு முன்தொங்கலை நாலு விரலுக்கு மேல் விடக்கூடாது. மிச்சத்தையும் கயிற்றுக்குள் மடித்துச் சொருக வேண்டும். இன்னொன்று, பின்பக்கம் ஒரே சுற்றாகச் சொருகுவது. உயரத்திலிருந்து காலை நேராக நீட்டிக் குதிக்கும்போது தண்ணீர் கீழிருந்து மேலே தள்ளும். ஒற்றைச் சொருகல் அங்கேயே அவிழும். பின்னால் கயிற்றின் மேலாகக் கொண்டுவந்து ஒரு முறை சுற்றி, மறுபடியும் உள்ளே சொருகினால் நிற்கும். கயிறு பருத்தியாக இருந்தால் நனைந்ததும் முடிச்சு இறுகும், அது நல்லது. நைலான் கயிறு வழுக்கும். வெள்ளி அரைஞாணை நம்பிக் கட்டவே வேண்டாம். கொக்கி திறந்தால் கிணற்றடியில் தேட வேண்டியிருக்கும்.

சொந்தத் தோட்டத்துக் கிணற்றில், வீட்டு ஆண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் இதைவிடச் சுகமான நீச்சலுடை கிடையாது. பொது இடத்துக்கு இன்று ஒத்துவராது, நீச்சல் குளத்தில் விடமாட்டார்கள்.

நம் ஊரில் கோமணம் கட்டிக் குளித்த அதே காலத்தில் மேற்கே ஆண்கள் என்ன போட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தோள் முதல் தொடை வரை மூடிய கம்பளிப் பின்னலாடை. பருத்தி நனைந்தால் உடல் தெரியும் என்று கம்பளி. அமெரிக்காவில் 1917-ல் பூங்கா அதிகாரிகள் சங்கம் வெளியிட்ட விதிகள் ஆண்களின் குளியல் உடைக்குக்கூட இடுப்பில் பாவாடை போன்ற மடிப்பு வேண்டும் என்றன. கம்பளி நனைந்தால் எடை பல மடங்கு கூடி, தொடை வரை இருந்தது முழங்காலுக்குத் தொங்கும். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்து ஜான்ட்ஸன் நிறுவனம், படகு வலிப்பவர்களுக்காக வரிப் பின்னலில் உடை செய்ததிலிருந்துதான் துணி கொஞ்சமாவது உடம்போடு ஒட்ட ஆரம்பித்தது. ஸ்வெட்டரின் கைமுனையில் இருக்குமே, இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும் வரிவரியான பின்னல், அதேதான்.

ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற 1930கள் வரை போராட வேண்டியிருந்தது. வெற்று மார்போடு கடற்கரைக்கு வந்தவர்களை அமெரிக்க நகரங்களில் கைது செய்திருக்கிறார்கள். ஜிப் வைத்து மேல்பாதியைத் தனியாகக் கழற்றும் உடைகள் அந்தப் பத்தாண்டில்தான் வந்தன. 1924, 1928 ஒலிம்பிக்குகளில் நீச்சலில் ஐந்து தங்கம் வென்ற ஜானி வைஸ்முல்லர், போட்டியை விட்டபின் நீச்சலுடை நிறுவனத்துக்கு மாடலாகப் போனார். ஆண் உடம்பைக் காட்டி நீச்சலுடை விற்கும் வழக்கம் அப்போது தொடங்கியது. நமக்கும் அவர்களுக்கும் ஃபேஷன் எதிர் எதிர் திசையில் ஓடியிருக்கிறது. அவர்கள் முழு உடையில் ஆரம்பித்து ஜட்டிக்கு வந்தார்கள். நாம் கோமணத்தில் ஆரம்பித்து முழங்கால் டவுசருக்குப் போனோம்.

பட்டாபட்டி

கோடு போட்ட பருத்தி டவுசர், இடுப்பில் நாடா, அகலமான கால். வேட்டிக்குள் போடுவதற்காகத் தைத்தது, கிணற்றுக்கு வந்து நிலைத்துவிட்டது. கிராமத்து ஜவுளிக்கடை எதிலும் கிடைக்கும். முழங்கால் வரை உடம்போடு ஒட்டும் ஜாமர் ஒன்று வாங்கும் காசில் குறைந்தது மூன்று பட்டாபட்டி எடுக்கலாம்.

கிணற்றுக்கு இதன் பலம் தையலும் தடிமனும். கருங்கல் விளிம்பில் உட்கார்ந்து சறுக்கி இறங்கினாலும், படிக்கல்லைப் பிடித்து ஏறும்போது உரசினாலும் பருத்தி சட்டென்று இழை பிரியாது. வெயிலில் சூடேறிய பாறையில் உட்காரும்போது தொடையைக் காப்பாற்றும்.

பலவீனம் தண்ணீருக்குள் தெரியும். பருத்தி தன் எடைக்கு மேல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய தொல்லை காற்று. மேலிருந்து குதிக்கும்போது அகலமான கால் வழியே காற்று புகுந்து துணி பலூன் மாதிரி உப்பும். நீந்தத் தெரிந்தவருக்கு இது சிறு இடைஞ்சல். கற்றுக்கொள்ளும் பையனுக்கு ஆபத்து: முதலில் இடுப்பைத் தூக்கிவிட்டுத் தலையைக் கீழே அமுக்கும், காற்று வெளியேறியதும் அதே துணி கனத்துக் கீழே இழுக்கும். பையன் தான் செய்த தவறு என்று நினைத்துப் பயப்படுவான். சுரைக்குடுக்கையோ டியூபோ கட்டி இறக்கும் பிள்ளைகளுக்குப் பட்டாபட்டி போடாதீர்கள்.

நாடாவும் கவனிக்க வேண்டியது. பருத்தி நாடாவில் இரட்டை முடிச்சுப் போட்டு நனைத்தால் நகத்தால் அவிழ்க்க முடியாது, கடைசியில் வெட்ட வேண்டிவரும். ஒற்றைச் சுருக்கு முடிச்சுப் போட்டு இரண்டு காதுகளையும் உள்பக்கம் சொருகுவதுதான் முறை. வழவழப்பான நைலான் நாடா வைத்து வருகிறது என்றால் வாங்கியதும் உருவிவிட்டுத் தட்டையான பருத்தி நாடா கோத்துவிடுங்கள். புதுத்துணியின் சாயம் முதல் மூன்று நனைப்புக்குப் போகும். கல் உப்பு ஒரு கைப்பிடி போட்ட தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். இன்றைய சாயத்துக்கு அது பெரிதாக உதவாது. தனியாகத் துவைப்பதே வழி.

நீச்சல் குளங்களில் பருத்தி டவுசருக்குத் தடை போடுவதில் நியாயம் இருக்கிறது. உதிரும் பஞ்சு வடிகட்டியை அடைக்கும், சாயம் தண்ணீரில் கலக்கும், துணி பிடித்துவைத்த அழுக்கும் சோப்பும் குளோரினைச் செலவழிக்கும்.

ஜட்டி மாடல் பிரீஃப்

1914-ல் சிட்னியில் தொடங்கிய மெக்ரே பின்னலாடை ஆலை 1928-ல் ஸ்பீடோ என்ற பெயரில் உடை விற்க ஆரம்பித்தது. அங்கே வடிவமைப்பாளராக இருந்த பீட்டர் டிராவிஸ், 1960களின் தொடக்கத்தில் இடுப்பிலிருந்து இறக்கி, இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி பிரீஃபை வெட்டினார். நீந்தும்போது வயிறு மடங்கி விரியும். வயிற்றில் உட்காரும் பட்டை சுருண்டுவிடும், எலும்பில் உட்காரும் பட்டை நகராது. நீச்சலடிக்கும் உடம்பைப் பார்த்து வெட்டிய வெட்டு. 1972 மியூனிக்கில் மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கம் வென்றதும் உலகமே இந்த வடிவத்தைப் பார்த்தது. மூடும் பரப்பைக் கணக்கிட்டால், ஸ்பிட்ஸ் போட்டதும் நம் தாத்தா கட்டியதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதைச் சாத்தியமாக்கியவை இரண்டு நூல்கள். நைலான் 1930களில் டூபாண்ட் ஆய்வகத்தில் பிறந்தது. அதே நிறுவனத்தில் 1958-ல் ஜோசப் ஷைவர்ஸ் கண்டுபிடித்த எலாஸ்டேனைத்தான் நாம் லைக்ரா என்கிறோம். இன்றும் கடையில் கிடைக்கும் சாதாரண பிரீஃபின் லேபிளில் 80 சதவீதம் நைலான், 20 சதவீதம் எலாஸ்டேன் என்றோ, 82-18 என்றோ இருக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. துணியை இரண்டு கையால் இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் நனைந்ததும் உள்ளே தெரியும். விட்டதும் உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும், மெதுவாகத் திரும்பினால் எலாஸ்டேன் குறைவு. முன்பக்கம் உள்துணி இருக்க வேண்டும், அதுவும் வெளித்துணி அளவுக்கு இழுபட வேண்டும். தையல் நேர்த்தையலாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். துணி இழுபடும், நூல் இழுபடாது, தொடை மடிப்பில் முதல் வாரத்திலேயே பட்பட்டென்று விட்டுப்போகும். ஜிக்ஜாக் அல்லது ஃபிளாட்லாக் தையல்தான் வேண்டும். இடுப்புப் பட்டைக்குள் எலாஸ்டிக்கோடு கயிறும் இருக்கட்டும்.

அளவு விஷயத்தில் பலர் செய்யும் தவறு, உள்ளாடை அளவிலேயே எடுப்பது. லைக்ரா நனைந்தால் கொஞ்சம் தளரும். காய்ந்த நிலையில் இறுக்கமாக, ஆனால் தொடையில் பள்ளம் விழாத அளவில் இருக்க வேண்டும். போட்டபின் குந்தி உட்கார்ந்து எழுந்திருங்கள். பின்பக்கம் கீழே இறங்கினால் ஓர் அளவு குறையுங்கள்.

நெடுந்தூர நீச்சலில் இன்றும் பிரீஃபுக்குத்தான் முதலிடம். 1994-ல் சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்திக் கடந்து மிஹிர் சென்னின் சாதனையை முறியடித்தான். அந்தத் துறையின் மரபான விதிகள் கையும் காலும் இல்லாத, மிதப்போ வெப்பமோ தராத சாதாரண உடையைத்தான் அனுமதிக்கின்றன. துணி குறைந்தால் உரசும் இடமும் குறையும். அப்படியும் தொடை மடிப்பில் வாசலின் தடவாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீந்தினால் தோல் சிவந்துவிடும்.

நம் மாவட்டங்களில் பிரீஃபின் ஒரே குறை கூச்சம். நீச்சலுக்கு வரும் இளைஞர்களில் பலர் பிரீஃப் வாங்கி, அதன் மேல் பெர்முடா போட்டு இறங்குகிறார்கள். அப்போது இரண்டின் குறையும் சேர்ந்துகொள்ளும், இரண்டின் நன்மையும் போய்விடும். கூச்சம் இருந்தால் அடுத்ததைப் பாருங்கள்.

சதுர வெட்டு ட்ரங்க்

குட்டை டவுசர் போலத் தொடையின் மேல்பகுதியில் நேராக வெட்டியது. 1940, 50களில் மேற்கே பரவலாக இருந்தது, 1980களில் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் திரும்பியது, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மறுபடியும் வந்திருக்கிறது. லைக்ராவில் வரும் ட்ரங்க் நல்ல நடுவழி: பிரீஃபின் இழுவைக் குறைவு, கொஞ்சம் அதிக மறைப்பு. தொடை விளிம்பு சுருண்டு மேலேறுவதுதான் தொல்லை. விளிம்பில் எலாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்ததா என்று மட்டும் பாருங்கள்.

போர்டு ஷார்ட்ஸும் நம் பெர்முடாவும்

அலைச்சறுக்குப் பலகையில் உட்காருபவர்களுக்காக ஹவாயிலும் கலிஃபோர்னியாவிலும் 1950, 60களில் உருவானது. மெழுகு தடவிய பலகையில் தொடை உரசக்கூடாது, அலை அடித்தாலும் இடுப்பிலிருந்து நழுவக்கூடாது. அதனால் தடித்த நைலான், எலாஸ்டிக் இல்லாத இடுப்பு, முன்னால் கயிறு. கலிஃபோர்னியாவில் 1961-ல் தொடங்கிய பேர்ட்வெல் இரட்டைத் துணியில் தைத்தது. ஆஸ்திரேலியாவில் 1969-ல் தொடங்கிய குவிக்சில்வர் ஒட்டும் வெல்க்ரோவும் அழுத்துப் பொத்தானும் சேர்த்தது. 1990களில் இதுவே நீண்டு முழங்காலைத் தாண்டியது. நம் ஊரில் பெர்முடா என்ற பெயரில் எல்லாக் கடைகளிலும் தொங்குவது இதன் பேரப்பிள்ளை.

கிணற்றுக்கும் ஒகேனக்கலுக்கும் சரியான உடை எது என்று கேட்டால் என் பதில் இதுதான், ஆனால் நல்ல வகையாக இருந்தால். நல்லதையும் மோசத்தையும் பிரிப்பது மூன்று இடங்கள்.

பாக்கெட். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் பக்கவாட்டில் இரண்டு பெரிய பாக்கெட், உள்ளே பருத்தித் துணி. தண்ணீரில் இறங்கியதும் இரண்டும் பை போல நிரம்பும், ஒவ்வொரு உதைக்கும் எதிராக இழுக்கும். உண்மையான போர்டு ஷார்ட்ஸில் பின்னால் ஒரே பாக்கெட், மூடி, அடியில் தண்ணீர் வடிய ஓர் ஐலெட் வளையம். பக்கப் பாக்கெட் இருந்தே தீரும் என்றால் உள்துணி வலையாக இருப்பதை எடுங்கள்.

உள்வலை. ஜட்டி போல வெள்ளை வலை தைத்து வரும். மலிவு வலை முரடானது. நனைந்த தொடையில் அரைமணி நடந்தால் புண்ணாகிவிடும். ஒகேனக்கலில் பரிசல்துறையிலிருந்து அருவிக்கும், அருவியிலிருந்து சாப்பாட்டுக் கடைக்கும் ஈரத்தோடு நடப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வலையை வெட்டி எடுத்துவிட்டு உள்ளே லைக்ரா பிரீஃப் போடுவது மேல்.

நீளம். கால் நடுத்தையலிலிருந்து கீழ்விளிம்பு வரை அளந்தால் 5 முதல் 7 அங்குலம் நீச்சலுக்கு நல்லது, 9 அங்குலம் பொறுத்துக்கொள்ளலாம். முழங்காலை மூடினால் உதைக்கும்போது துணி முழங்காலின் மேல் ஏறி நிற்கும், காலை மடக்க முடியாது.

துணி 100 சதவீதம் பாலியஸ்டராக இருக்கட்டும். நாலு பக்கமும் இழுபடும் வகையில் 10 சதவீதம் வரை எலாஸ்டேன் கலந்தால் பாதகமில்லை. "மைக்ரோ" என்று சொல்லி விற்கும் வழவழத் துணி குளிக்க இதம், கருங்கல்லுக்கு ஆகாது. ஒரே சறுக்கலில் இழை இழுத்துக்கொள்ளும்.

வெல்க்ரோவில் மணலும் நூலும் சேர்ந்தால் பிடிப்பு போய்விடும். பழைய பல் துலக்கும் பிரஷால் மாதம் ஒருமுறை தேய்த்து எடுங்கள், காயவைக்கும்போது மூடியே வையுங்கள்.

ஒகேனக்கலுக்கென்று தனியாக ஒன்று. எண்ணெய் மசாஜ் செய்துகொள்பவர்கள் நீச்சலுடையோடு உட்காராதீர்கள். எண்ணெய் பாலியஸ்டரிலும் லைக்ராவிலும் நன்றாக ஒட்டிக்கொள்ளும், வெறும் தண்ணீரில் போகாது, எலாஸ்டிக்கைச் சீக்கிரம் தளர்த்தும், அடுத்த வாரத்துக்குள் சிக்கு வாடை அடிக்கும். மசாஜுக்கு ஒரு பழைய பருத்தித் துண்டு, குளியலுக்கு ஷார்ட்ஸ் என்று இரண்டாகக் கொண்டுபோங்கள். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடிக் குளிக்கத் தடை போட்டிருக்கும் நாளில் எந்த உடையும் காப்பாற்றாது, திரும்பி வந்துவிடுங்கள். கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வரும் நாட்களிலும் அப்படியே. அந்தத் தண்ணீர் துணிக்கல்ல, தோலுக்கே ஆகாது.

ஜாமர்

இடுப்பிலிருந்து முழங்கால் வரை உடம்போடு ஒட்டும் நீச்சலுடை. சைக்கிள் பந்தய டவுசர் போலத் தோன்றும், உள்ளே பஞ்சு மெத்தை இருக்காது. 1990களின் கடைசியில் பரவியது. 2000 சிட்னியில் இயன் தார்ப் கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடையில் நீந்தினார். 2008-ல் ஸ்பீடோவின் எல்.இசட்.ஆர். ரேசர் வந்தது: பாலியூரித்தேன் பலகங்கள், நூலில்லாமல் ஒலியதிர்வால் ஒட்டிய மூட்டுகள், போட்டுக்கொள்ளவே இருபது நிமிடத்துக்கு மேல். 2009 ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் விழுந்தன. நீந்துவது ஆளா உடையா என்ற கேள்வி எழுந்து, 2010 ஜனவரி 1 முதல் ஆண்களுக்குத் தொப்புளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, நெய்த அல்லது பின்னிய துணி மட்டும் என்று சர்வதேச சம்மேளனம் விதி போட்டது. அந்த விதி ஏறக்குறைய ஜாமரின் வடிவம்தான். பள்ளிப் போட்டிக்குப் போகும் பையன்கள் ஜாமர் கேட்பதன் பின்னணி இது.

மறைப்பும் உண்டு, வேகமும் உண்டு, கூச்சமும் இல்லை. குளத்தில் முறையாகப் பயிற்சி எடுப்பவர்களுக்கு இதுவே என் தேர்வு. வாங்குவதில் இரண்டு சாதி இருப்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நைலான்-எலாஸ்டேன் ஜாமர் மென்மையானது, நன்றாக ஒட்டும். குளோரின் எலாஸ்டேனின் இணைப்புகளை உடைக்கும். நைலானையும் மெதுவாக அரிக்கும். வாரத்துக்கு ஐந்து நாள் பயிற்சி என்றால் சில மாதங்களில் பின்பக்கம் தொய்ந்து, துணியில் அலை அலையாகச் சுருக்கம் விழும், சின்னச் சின்ன வெள்ளை ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டு தெரியும், கறுப்பு செம்பழுப்பாகும். இந்த அறிகுறி வந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கை தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.

பாலியஸ்டர்-பி.பி.டி. ஜாமர் கொஞ்சம் முரடு, இழுபடுவதும் குறைவு. பி.பி.டி.யும் பாலியஸ்டர் குடும்பம்தான், நூலின் சுருளாலேயே நெகிழும், எலாஸ்டேன் தேவையில்லை. குளோரினுக்கு அசையாது. தினப் பயிற்சிக்கு இதை வாங்கி, போட்டிக்கு நைலானை வைத்துக்கொள்வது சிக்கனம். லேபிளில் "குளோரின் ரெசிஸ்டன்ட்" என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பாமல் உள்பக்கத் தையலில் இருக்கும் சின்ன லேபிளில் நூல் பங்கைப் படியுங்கள்.

பொருத்தம் பார்க்க, போட்டபின் தொடை நடுவில் துணியைக் கிள்ளித் தூக்குங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழுந்தால் தண்ணீர் உள்ளே புகும். போடும்போது இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒவ்வொரு காலையும் தொடை வரை சுருட்டிச் சுருட்டி ஏற்றி, கடைசியில்தான் இடுப்பு. நகம் வெட்டியிருக்கட்டும்.

ஜாமரைப் போட்டுக்கொண்டு கிணற்றுக்குப் போகாதீர்கள். கருங்கல்லில் ஒருமுறை உட்கார்ந்தாலே பின்பக்கம் பஞ்சு பஞ்சாகிவிடும்.

துவைப்பு: நம் தண்ணீருக்கு ஏற்றபடி

இரண்டு மாவட்டத்திலும் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினம். ஃபுளோரைடு பிரச்சினைக்காகவே குடிக்க ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்த பகுதி இது. துணிக்கு ஃபுளோரைடு ஒன்றும் செய்யாது. கால்சியமும் மக்னீசியமும்தான் எதிரி. சோப்புக்கட்டி போட்டால் அவை சோப்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகி நூலுக்கிடையில் படியும், லைக்ரா விறைக்கும், மணமும் போகாது. திரவ டிடர்ஜென்ட் அல்லது சாதாரண ஷாம்பு ஒரு சிறு கரண்டி, அரைவாளி குளிர்ந்த தண்ணீர், பத்து நிமிடம் ஊறல் போதும். மாதம் ஒருமுறை கடைசி அலசலில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்தால் படிந்த கசடு இளகும். குளோரின் தண்ணீர் இன்னும் துணியில் இருக்கும்போது வினிகர் வேண்டவே வேண்டாம், முதலில் நல்ல தண்ணீரில் நன்றாக அலசிய பிறகுதான்.

குளத்தில் இறங்குமுன் ஷவரில் நன்றாக நனையுங்கள். துணி ஏற்கெனவே நல்ல தண்ணீரைக் குடித்திருந்தால் குளோரின் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும். ஏறியதும் இரண்டு நிமிடம் அலசல். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். நிழலில், கொடியில் நடுமடிப்பாகப் போடுங்கள்; மொட்டைமாடி வெயிலும் சூடான பாறையும் லைக்ராவைக் கொல்லும். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் கட்டி வண்டிப் பெட்டியில் மறந்துவிட்டால் ஒரே இரவில் சாயம் கலங்கி வாடை ஏறிவிடும். தினமும் நீந்துபவர்கள் இரண்டு உடை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது இரண்டின் ஆயுளையும் கூட்டும், நீண்ட இழை பழைய நிலைக்குத் திரும்ப ஒரு நாள் ஓய்வு கேட்கும்.

தையல்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்

கடையில் சரியானது கிடைக்கவில்லை என்றால் சாதாரண பாலியஸ்டர் பெர்முடாவை வாங்கி மாற்றித் தைப்பதே மலிவு. வேலை இவ்வளவுதான்: பக்கப் பாக்கெட்டின் பருத்தி உள்துணியை வெட்டியெடுத்து வாயைத் தைத்து மூடுவது, பின்பாக்கெட் இருந்தால் அடிமூலையில் ஒரு ஐலெட், நீளத்தை 7 அங்குலத்துக்குக் குறைத்து இரட்டை மடிப்பு, இடுப்பு எலாஸ்டிக்கோடு தட்டைப் பருத்தி நாடா. நூல் பாலியஸ்டர் நூலாக இருக்கட்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். லைக்ராவைத் தொடுவதென்றால் ஓவர்லாக் மெஷின் உள்ளவரிடமே கொடுங்கள், முனை உருண்ட ஊசி போடச் சொல்லுங்கள். கூர்முனை ஊசி எலாஸ்டேன் இழையை அறுக்கும், துளை துளையாக ஓடிக்கொண்டே போகும்.

பிள்ளைகளுக்கு "வளர்ற வயசு, ஒரு சைஸ் பெருசா எடு" என்று எடுக்கும் வழக்கம் பள்ளிச் சீருடையோடு நிற்கட்டும். தொளதொள நீச்சலுடைக்குள் தண்ணீர் புகுந்தால் பையன் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நீந்த வேண்டும். நிறத்தில் பெற்றோர் சொல்லே நிற்கட்டும்: கிணற்றுத் தண்ணீர் பச்சை, புதுவெள்ளக் காவிரி செம்பழுப்பு, குளம் நீலம். நீலம், பச்சை, பழுப்பு, கறுப்பு நான்கும் தண்ணீருக்குள் கரைந்துபோகும். பளிச்சென்ற ஆரஞ்சு எடுங்கள், கரையில் நிற்பவர் கண்ணுக்குப் பிள்ளை எங்கே என்று தெரியும்.